கெமிக்கல் பட்டாலே குடல் புற்றுநோய் வருமா? டிஎன்ஏ-வுக்குள் நடக்கும் 'ரீவொர்க்' பற்றி சிதம்பரம் எலி ஆய்வுகள் சொல்வது என்ன?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் தங்கியிருக்கும் ஊர்களில் மணிமங்கலமும் ஒன்று. பெயின்ட், தின்னர், கூலன்ட், கட்டிங் ஆயில் என்று ஏதாவது ஒரு வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் பலருக்கும் வேலை முடிகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: "இவ்ளோ கெமிக்கல்ல நிக்கிறியே, நாளைக்கு கேன்சர் கீன்சர் வந்துட்டா என்ன பண்றது?"

எல்லா கெமிக்கலும் புற்றுநோய் தராது. தரக்கூடிய கெமிக்கலும் பட்ட உடனே தந்துவிடாது. நடுவில் ஒரு பெரிய வேலை நடக்கிறது. கெமிக்கல் டிஎன்ஏ-வைக் காயப்படுத்துகிறது, செல் அந்தக் காயத்தைச் சரிசெய்கிறது. சரிசெய்து முடிப்பதற்குள் செல் இரண்டாகப் பிரிந்துவிட்டால்தான் வில்லங்கம்.

குடல் புற்றுநோய் விஷயத்தில் இந்த நாடகத்தின் ஒவ்வொரு காட்சியையும் விஞ்ஞானிகள் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்கும் நல்ல பங்கு உண்டு. விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு விதையில் தொடங்கிய விவகாரம்

பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவு. அங்கே சைகஸ் என்ற மரத்தின் விதையை மாவாக்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தது. பார்க்கப் பனை மாதிரி, ஈச்சை மாதிரி இருக்கும் மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்த இனம் உண்டு. கேரளாவில் இதை ஈந்து என்பார்கள். விதையில் விஷம் இருப்பது அந்தந்த ஊர் மக்களுக்குத் தெரியும். அதனால் பலமுறை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, காயவைத்த பிறகுதான் மாவாக்குவார்கள்.

ஊறவைக்காத சைகஸ் மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல், சிறுநீரகம், பெருங்குடல் ஆகியவற்றில் கட்டிகள் வந்தன. 1963-ல் லாக்கூர் என்ற ஆய்வாளரின் குழு இதை வெளியிட்டது. காரணம், விதையில் உள்ள சைகசின் என்ற பொருள்.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். குடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அதே சைகசினைக் கொடுத்தபோது கட்டி வரவில்லை. சைகசின் அப்படியே வெளியேறிவிட்டது. குடல் பாக்டீரியாவின் என்சைம் ஒன்று சைகசினை உடைத்தால்தான் அதற்குள் இருக்கும் விஷம் வெளியே வருகிறது. வாயில் போடுவது மட்டுமல்ல, வயிற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் பொருள்தான் 1,2-டைமெத்தில் ஹைட்ரசின். சுருக்கமாக டிஎம்எச். ஜெர்மன் விஞ்ஞானி ட்ரக்ரே 1967-ல், இது எலிகளின் பெருங்குடலைக் குறிபார்த்துப் புற்றுநோய் உண்டாக்குவதைச் சொன்னார். அன்றிலிருந்து உலகம் முழுக்க குடல் புற்றுநோய் ஆய்வகங்களின் 'ஸ்டாண்டர்டு' கெமிக்கல் இதுவும், இதன் உறவுக்காரரான அசாக்ஸிமெத்தேனும்தான்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். இஸ்ரோவின் விகாஸ் இன்ஜினில் எரிபொருளாகப் பயன்படும் டைமெத்தில் ஹைட்ரசின் வேறு. பெயர் ஒன்றுதான், ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. டிஎம்எச் எந்த கம்பெனி லைனிலும் ஓடுவதில்லை, உணவிலும் இல்லை. அது ஆய்வகத்துக்கு மட்டுமே. பிறகு ஏன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? மனிதக் குடலில் நடக்கும் சேதத்தை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ மாதிரி அது இருப்பதால்தான்.

தோலுக்கு அடியில் போட்ட ஊசி, குடலுக்கு எப்படிப் போகிறது?

எலிக்கு டிஎம்எச்-ஐத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போடுவார்கள். அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரலின் வேலை விஷத்தை முறிப்பது. ஆனால் இங்கே கல்லீரல் அறியாமலே உதவி செய்துவிடுகிறது. அதன் என்சைம்கள் டிஎம்எச்-ஐப் படிப்படியாக மாற்றி, மெத்திலசாக்ஸிமெத்தனால் என்ற பொருளாக ஆக்குகின்றன. சைகஸ் விதையின் சைகசின் உடைந்தால் வருவதும் இதே பொருள்தான்.

இந்த மாற்றத்தைச் செய்யும் முக்கிய என்சைமின் பெயர் சிஒய்பி2இ1. தொடர்ந்து குடிப்பவர்களின் கல்லீரலில் அதிகமாவதும் இதே என்சைம்தான். இதை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

ரத்தம் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் அந்தப் பொருள் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. கல்லீரல் 'கட்டிப் பொட்டலமாக' அனுப்பியதைக் குடல் பாக்டீரியாவின் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்சைம் பிரித்துவிடுகிறது. கடைசியில், நிலையில்லாத ஒரு துகள் வெளியே வந்து கையில் கிடைத்த டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரே ஒரு புள்ளி

ஒட்டுவது மெத்தில் என்ற மிகச் சிறிய அணுக்கூட்டம். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அவ்வளவுதான். இவ்வளவு சின்னது என்ன செய்துவிடும்?

தமிழ் எழுத்தை வைத்தே பார்க்கலாம். 'மணமேடை' என்று எழுதுங்கள். இரண்டாவது எழுத்தின் தலையில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். 'மண்மேடை' ஆகிவிடும். கல்யாணம் நடக்க வேண்டிய இடம் மண் குவித்த இடமாக மாற ஒரு புள்ளி போதும்.

டிஎன்ஏ-வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள். ஜி எப்போதும் சி-யோடு ஜோடி சேரும், ஏ எப்போதும் டி-யோடு. ஜி என்ற எழுத்தில் 'ஓ6' என்று அழைக்கப்படும் இடத்தில் மெத்தில் ஒட்டிக்கொண்டால், பிரதி எடுக்கும்போது செல் அதைச் சரியாகப் படிக்க முடியாமல் எதிரே சி-க்குப் பதில் டி-யைப் போட்டுவிடும். அடுத்த முறை பிரதி எடுக்கும்போது அந்த டி-க்கு எதிரே ஏ வரும். ஆக, ஜி இருந்த இடத்தில் நிரந்தரமாக ஏ.

மெத்தில் ஜி-யின் வேறு இடங்களிலும் ஒட்டும். உண்மையில் 'என்7' என்ற இடத்தில்தான் அதிகமாக ஒட்டுகிறது. ஆனால் அது எழுத்தைத் தவறாகப் படிக்க வைப்பதில்லை. எண்ணிக்கையில் குறைவான ஓ6 புள்ளிதான் ஆபத்தானது.

இந்த எழுத்து மாற்றம் எங்கே விழுகிறது என்பது அடுத்த கேள்வி. டிஎம்எச் கொடுத்த எலிகளின் குடல் கட்டிகளில் கே-ராஸ் என்ற ஜீன் மாறியிருப்பதைப் பார்த்தார்கள். 'வளர்' என்று செல்லுக்கு உத்தரவு போடும் சுவிட்ச் மாதிரியான ஜீன் அது. அதன் 12-வது இடத்தில் ஜிஜிடி என்று இருக்க வேண்டியது ஜிஏடி ஆகிவிடுகிறது. சுவிட்ச் ஆன் ஆன நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. மனிதர்களின் குடல் புற்றுநோயில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் கே-ராஸ் மாறியிருக்கிறது. அதில் அதிகம் காணப்படும் மாற்றம், எலியில் பார்த்த இதே மாற்றம்தான்.

செல்லுக்குள் இருக்கும் ரீவொர்க் ஏரியா

கம்பெனி லைனில் ஒரு பாகத்தில் குறை இருந்தால் ரெட் டேக் போட்டு ரீவொர்க்குக்கு அனுப்புவார்கள். சரிசெய்த பிறகுதான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும். செல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பல பகுதிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சான்ஜார் மூவருக்கும் 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான டிஎன்ஏ காயங்கள் ஏற்படுகின்றன. எந்த கம்பெனிக்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பவருக்கும் இது பொருந்தும்.

ஓ6 புள்ளியை எடுக்க எம்ஜிஎம்டி என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. டிஎன்ஏ-வில் ஒட்டியிருக்கும் மெத்திலைப் பிடுங்கித் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏ பழையபடி ஆகிவிடும். ஆனால் அந்த என்சைம் அத்தோடு காலி. செல் அதைக் குப்பையில் போட்டுவிடும். ஒரு தீக்குச்சி, ஒரு விளக்கு என்ற கணக்கு. பத்துப் புள்ளியை எடுக்கப் பத்து என்சைம் வேண்டும். ஸ்டாக் தீர்ந்துவிட்டால் புதிதாகத் தயாரித்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மற்ற இடங்களில் ஒட்டிய மெத்திலுக்கு வேறு முறை. கெட்டுப்போன எழுத்தையே வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது எழுத்தை வைக்கும்.

இதையெல்லாம் தாண்டிப் பிரதி எடுக்கும் வேலை நடந்துவிட்டால், கடைசியாக ஒரு செக்கிங் இருக்கிறது. ஜோடி பொருந்தாத எழுத்துகளைத் தேடும் 'மிஸ்மேட்ச் ரிப்பேர்' குழு. ஆட்களின் பெயர் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. இந்தப் பெயர்கள் ஞாபகத்தில் இருக்கட்டும். புற்றுநோய் வார்டில் இவை மறுபடி வரும்.

இந்தக் குழுவுக்கு ஒரு சிக்கல். அது புதிதாக எழுதப்பட்ட இழையில் இருக்கும் டி-யைத்தான் நீக்கும். ஆனால் குறை இருப்பது பழைய இழையின் ஜி-யில். அதனால் நீக்க நீக்க மறுபடியும் டி-யே வந்து உட்காரும். இழை அறுந்துபோகும் அளவுக்கு இந்த வெட்டி வேலை நீளும்போது, 'இனி இது தேறாது' என்று செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். உடலுக்கு நஷ்டம் ஒரு செல்தான், லாபம் பெரியது.

இந்தக் குழுவே இல்லாவிட்டால்? எம்எஸ்எச்2 ஜீன் இல்லாத சுண்டெலிகளுக்கு டிஎம்எச் கொடுத்த ஆய்வு 2001-ல் வெளியானது. அவற்றில் குடல் புற்றுநோய் எளிதாக உருவானது. சாக வேண்டிய செல்கள் சாகாமல், குறையோடு பெருகிக்கொண்டே போனதுதான் பிரச்னை.

கல்லீரல் தப்பிக்கிறது, குடல் மாட்டிக்கொள்கிறது

இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான்.

டிஎம்எச் கொடுத்த எலிகளில் ஓ6 புள்ளிகள் எங்கே அதிகம் என்று 1977-ல் ரோஜர்ஸ், பெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். குடலில்தான் அதிகம் இருக்கும் என்று யாரும் நினைப்போம். ஆனால் அதிகம் இருந்தது கல்லீரலில். இருந்தும் புற்றுநோய் பெரும்பாலும் வருவது குடலில்.

கல்லீரலில் எம்ஜிஎம்டி ஸ்டாக் அதிகம், புள்ளிகள் சீக்கிரம் நீக்கப்படுகின்றன. அதோடு, கல்லீரல் செல்கள் சாதாரணமாக அடிக்கடி பிரிவதில்லை. ரிப்பேர் செய்ய அவகாசம் கிடைக்கிறது. பெருங்குடலின் உள் பூச்சு அப்படியா? சில நாட்களுக்கு ஒருமுறை அது மொத்தமாகப் புதுப்பிக்கப்படுகிறது. அடியில் இருக்கும் மூலச் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். லைன் நிற்காமல் ஓடுகிறது, ரீவொர்க்குக்கு ஆள் குறைவு. குறையுள்ள பாகம் அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது.

சரி, ரிப்பேர் ஆட்களை அதிகப்படுத்தினால்? அதையும் பார்த்துவிட்டார்கள். மனித எம்ஜிஎம்டி ஜீனைச் சுண்டெலிக் குடலில் கூடுதலாக வேலை செய்ய வைத்து, அசாக்ஸிமெத்தேன் கொடுத்தார்கள். 1995-ல் வெளியான முடிவு: புற்றுநோய்க்கு முந்தைய குறிகள் குறைந்தன, கே-ராஸில் ஜி எழுத்து ஏ ஆவதும் குறைந்தது. கெமிக்கல் அதே கெமிக்கல், மாற்றியது ரிப்பேரை மட்டும்தான். சேதத்தின் அளவு மட்டுமே விதியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

சிதம்பரத்தில் என்ன செய்தார்கள்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என். நளினியின் குழு பல ஆண்டுகளாக டிஎம்எச் எலிகளை வைத்து ஆய்வு செய்தது. வழக்கமான முறை இதுதான்: எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் வாரம் ஒரு ஊசி, 15 வாரம். பிறகு காத்திருப்பு. 30 வாரம் ஆகும்போது குடலை எடுத்துப் பார்ப்பது.

கட்டி வருவதற்கு முன்பே குடலின் உள்பக்கத்தில் அடையாளம் தெரியும். மெத்திலீன் புளூ சாயம் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில குழிகள் மட்டும் பெருத்து, கோணல்மாணலாக இருக்கும். கனடாவில் ரஞ்சனா பேர்ட் 1987-ல் சொன்ன முறை இது. அந்தக் குழிகளை எண்ணினாலே எந்த எலி எந்த வழியில் போகிறது என்று தெரிந்துவிடும்.

டிஎன்ஏ சேதத்தைப் பார்க்க வேறொரு முறை, 'காமெட்' சோதனை. செல்களை ஜெல்லில் பதித்து மின்சாரம் செலுத்துவார்கள். டிஎன்ஏ முழுசாக இருந்தால் உருண்டையாக நிற்கும். அறுந்திருந்தால் துண்டுகள் இழுபட்டு, வால் நட்சத்திரம் மாதிரி நீளும். வால் நீளம் என்றால் சேதம் அதிகம்.

2009-ல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வு ரெஸ்வெரட்ரால் பற்றியது. திராட்சைத் தோலிலும் வேர்க்கடலையிலும் இருக்கும் பொருள். டிஎம்எச்-ஓடு ரெஸ்வெரட்ராலும் கொடுத்த எலிகளில் டிஎன்ஏ சேதம் குறைந்திருந்தது. அதற்கு முன்பே, 1998-ல், நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியையும் இவர்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சீரகமும் மிளகும் குடல் பாக்டீரியாவின் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்சைமைக் குறைப்பதாக அந்த ஆய்வு சொன்னது. பொட்டலத்தைப் பிரித்து விஷத்தை வெளியே விடும் அதே என்சைம்.

உடனே வாட்ஸ்அப்பில் 'சீரகத் தண்ணி குடிச்சா கேன்சர் வராது' என்று ஃபார்வேர்டு போட்டுவிட வேண்டாம்.

எலிக்குப் பாதுகாப்பு தந்தது மனிதனுக்கும் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பின்லாந்தில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-ல் வந்த முடிவு தலைகீழ். மாத்திரை சாப்பிட்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட் சாப்பிடுவது வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு. ரசத்தில் போடும் சீரகமும் மிளகும் நல்லதுதான், அதை மருந்து என்று நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்தால்தான் ஆபத்து.

எலியைத் தாண்டி மனிதர்களிடமே நிரூபணமான ஒன்றும் உண்டு. மிஸ்மேட்ச் ரிப்பேர் ஜீன் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு நான்கு ஆண்டுகள் வரை தினமும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த 'கேப்2' ஆய்வில், பிற்காலத்தில் குடல் புற்றுநோய் வருவது கணிசமாகக் குறைந்தது. ஆனால் ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். டாக்டர் சொல்லாமல் யாரும் தொடங்கக் கூடாது.

அப்போ கம்பெனி கெமிக்கல்?

இங்கே பயத்தையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, எந்தப் பொருள் எந்த உறுப்பில் புற்றுநோய் தருகிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. பெயின்டர் வேலை அதில் முதல் பிரிவில் இருக்கிறது, ஆனால் நுரையீரலுக்கும் சிறுநீர்ப்பைக்கும். வெல்டிங் புகையும் முதல் பிரிவு, நுரையீரலுக்கு. பென்சீன் என்றால் ரத்தப் புற்றுநோய். குடல் என்று வரும்போது கல்நார் பெயர் வருகிறது, அதற்கும் ஆதாரம் குறைவுதான்.

மெஷின் ஷாப்பில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது கட்டிங் ஆயிலும் கூலன்ட்டும். அமெரிக்காவில் கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களை நீண்ட காலம் கண்காணித்த ஆய்வில், தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலுக்கும் மலக்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்பட்டது. பழைய கூலன்ட்களில் நைட்ரைட்டும் எத்தனாலமைனும் சேர்ந்து நைட்ரோசமைன் உருவாகும் சிக்கலும் இருந்தது. நைட்ரோசமைன் குடும்பத்தில் பல பொருட்கள், டிஎம்எச் மாதிரியே டிஎன்ஏ எழுத்தில் ஒட்டு வைப்பவை. அதனால் அமெரிக்காவில் 1984-லேயே கூலன்ட்டில் நைட்ரைட் சேர்க்கத் தடை வந்தது. காற்றில் மிதக்கும் ஆயில் பனியின் அளவு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-ல் பரிந்துரைத்தது. மெஷினுக்கு மூடி, மேலே புகை இழுக்கும் ஃபேன், கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடாமல் இருப்பது, ஆயில் சட்டையோடு வீட்டுக்கு வராமல் இருப்பது... இவ்வளவுதான் அதன் நடைமுறை அர்த்தம்.

எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு, கம்பெனிகளில் 'எம்எஸ்டிஎஸ்' என்பார்கள். அதில் எச்350 என்று இருந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, எச்351 என்றால் சந்தேகப் பட்டியல். எச்340, எச்341 என்றால் மரபணுவைப் பாதிக்கக்கூடியது. டப்பா மேலே சிவப்புக் கட்டத்துக்குள் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உருவம் இருந்தாலும் உஷாராக வேண்டும். போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பிரிவுகள், தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தன. சூப்பர்வைசரிடம் அந்தத் தாளைக் கேட்பது தப்பே இல்லை.

இன்னொரு விஷயம், கெமிக்கலே இல்லாதது. நைட் ஷிஃப்ட். 2019-ல் அதே முகமை, இரவுப் பணியை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் மறுபடியும் உறுதிசெய்தது. மார்பகம், புராஸ்டேட் சுரப்பியோடு பெருங்குடல், மலக்குடல் பெயரும் அதில் இருக்கிறது. அமெரிக்க நர்ஸ்களிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், மாதம் மூன்று இரவாவது என்று 15 ஆண்டுகளுக்கு மேல் நைட் பார்த்தவர்களுக்குக் குடல் புற்றுநோய் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். தின்னர் வாசனைக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துப் பயப்படுவதில்லை!

இதைவிட உறுதியான ஆதாரம் இருப்பது மது, புகையிலை, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றுக்குத்தான். மூன்றும் முதல் பிரிவு. தினமும் 50 கிராம் சாசேஜ், பேக்கன் வகையறா சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுவதாக 2015-ல் கணக்கிட்டார்கள். மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடாக மாறி நேரடியாக டிஎன்ஏ-வைத் தாக்குகிறது. கூடவே முன்பு பார்த்த சிஒய்பி2இ1 என்சைமையும் தூண்டிவிடுகிறது. நைட்ரோசமைன் மாதிரியான பொருட்களை விஷமாக்கித் தருவதும் அதே என்சைம்தான். 'கம்பெனி டென்ஷன், ஒரு கட்டிங்தான்' என்று டாஸ்மாக் பக்கம் போகிறவர்கள் எந்தக் கெமிக்கல் முதலில் யோசிக்க வேண்டியது என்று பார்த்துக்கொள்ளலாம்.

சைகஸ் எலிகள் சொன்ன பாக்டீரியா விஷயமும் புது வடிவில் திரும்பியிருக்கிறது. சில ஈ.கோலை பாக்டீரியாக்கள் கோலிபாக்டின் என்ற நஞ்சைத் தயாரித்து டிஎன்ஏ-வில் தனி முத்திரை விடுகின்றன. 11 நாடுகளைச் சேர்ந்த 981 குடல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து 2025-ல் வெளியான ஆய்வில், 70 வயதைத் தாண்டியவர்களைவிட 40 வயதுக்குக் கீழே நோய் வந்தவர்களிடம் அந்த முத்திரை சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

'மூலம்தான்' என்று விட்டுவிடும் ரத்தம்

இந்தியாவில் 2022-ல் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அரசின் தேசியப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. குடலுக்கு அப்படி இல்லை. அதனால் அறிகுறியைக் கவனிக்கும் பொறுப்பு நம் தலையில்தான்.

மலத்தில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர், பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிய 'பவுத்திரம்' போஸ்டர் இல்லை. மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாகவே மாறியிருப்பது, போய் வந்த பிறகும் முழுசாகப் போகாத உணர்வு, காரணமில்லாமல் எடை குறைவது, ஆண்களுக்கு ரத்தசோகை... இவற்றில் எது இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். லைனில் ரிலீவர் கிடைக்காமல் அடக்கிவைத்துப் பழகியவர்கள் இந்த மாற்றங்களையும் 'வேலையால வந்தது' என்று தள்ளிவிடுவது உண்டு. ஒரு பாலிப், புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கொலோனோஸ்கோப்பியில் பார்த்து, அப்போதே வெட்டி எடுத்துவிட முடியும்.

மணிமங்கலம் சுற்றுவட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இஎஸ்ஐ கார்டு உள்ளவர்கள் அந்த வழியாகவும் போகலாம்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய நான்கு பெயர்கள்

புற்றுநோய் என்று உறுதியானால், கட்டித் துணுக்கை 'எம்எம்ஆர்' சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். முன்பு சொன்ன எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கும் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. இவற்றில் ஒன்று இல்லையென்றால் சிகிச்சையே மாறலாம். ரிப்பேர் குழு இல்லாத கட்டியில் எழுத்துப் பிழைகள் மலை மாதிரி குவிந்திருக்கும். உடலின் நோய் எதிர்ப்புப் படை அதை எளிதில் 'அந்நியன்' என்று அடையாளம் காணும். அதனால் இம்யூனோதெரபி அங்கே நன்றாக வேலை செய்கிறது. 2022-ல் நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இப்படிப்பட்ட மலக்குடல் கட்டி இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மருந்து கொடுத்தார்கள். ஆபரேஷனும் ரேடியேஷனும் இல்லாமலே 12 பேருக்கும் கட்டி மறைந்தது. மருந்தின் விலைதான் இங்கே பெரிய தடை.

டிஎம்எச் கதையின் இன்னொரு திருப்பம் மூளைக் கட்டி சிகிச்சையில் இருக்கிறது. டெமோசோலமைடு என்ற மாத்திரை செய்வது என்ன தெரியுமா? புற்றுநோய் செல்லின் ஜி எழுத்தில் அதே ஓ6 புள்ளியை வைப்பது. எந்த நோயாளியின் கட்டியில் எம்ஜிஎம்டி தயாரிப்பு அணைந்திருக்கிறதோ அவருக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்று 2005-ல் காட்டினார்கள். எலிக்குப் புற்றுநோய் தந்த அதே வேதியியல், இங்கே மருந்து.

மிஸ்மேட்ச் ரிப்பேர் ஜீன் பழுது சிலருக்குப் பிறவியிலேயே, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். இதற்கு லின்ச் சிண்ட்ரோம் என்று பெயர். ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் 50 வயதுக்கு முன்பே, குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் சந்தேகிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அண்ணன், தங்கைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பழுது இருப்பது தெரிந்தால் 20 முதல் 25 வயதுக்குள்ளேயே கொலோனோஸ்கோப்பி ஆரம்பித்து, ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் பின்பற்றும் வழக்கமான அட்டவணை. ஜீன் மாறவில்லை என்று வந்துவிட்டால், அந்த அடிக்கடி பரிசோதனை அவர்களுக்குத் தேவையில்லை.